புட்டு புட்டு வெச்சிடலாம் வாங்க: இங்கிலீஷ் 'புட்' (put) எங்க போடணும், எங்க போடவே கூடாது

2014ல ஆன்சைட் போன புதுசு, இங்கிலாந்துல லீட்ஸ்னு ஒரு ஊரு. ஒரு நாள் காலைல மீட்டிங்ல கிளையன்ட் பக்கத்து மேனேஜர் அம்மாகிட்ட ரொம்ப கெத்தா "ஐ ஹேவ் புட் தி ஃபைல்"னு சொன்னேன். என் மனசுல என்ன ஓடுது, ஃபைல போட்டாச்சு, வேலை முடிஞ்சுது, அவ்ளோதான. அந்தப் பக்கம் ரெண்டு செகண்ட் அமைதி. அப்புறம் பொறுமையா கேட்டாங்க, "புட் இட்... வேர்?" ஷேர்டு ஃபோல்டர்லன்னு சொன்னதும் "ஆ, ரைட்"னு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க. அந்த "வேர்" மட்டும் என் மண்டைலயே உக்காந்துக்கிச்சு.

அதே வாரம் டீம்ல ஒருத்தர் வீட்டுக்கு சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சாப்பிட்டு முடிச்சு, நல்ல பிள்ளையா தட்ட கையில எடுத்துக்கிட்டு கிச்சனுக்குப் போயி "வேர் ஷல் ஐ கீப் திஸ் ப்ளேட்?"னு கேட்டேன். அவர் மனைவி சிரிச்சுக்கிட்டே "செட்ல அது ஒண்ணு குறைஞ்சிடுமே"ன்ற மாதிரி ஏதோ சொன்னாங்க. எனக்கு ஜோக்கே புரியல, நானும் சேர்ந்து சிரிச்சு வெச்சேன். பஸ்ல ரூமுக்குத் திரும்பி வர்றப்பதான் உறைச்சுது, நான் அந்தத் தட்ட வீட்டுக்குக் கொண்டு போயி எங்க வெச்சுக்கறதுன்னு கேட்டிருக்கேன்!

ரெண்டு சம்பவத்தையும் பக்கத்து பக்கத்துல வெச்சுப் பாருங்க. புட் வரக்கூடாத மாதிரி ஒரு இடத்துல புட் போட்டேன், புட் வரவேண்டிய இடத்துல கீப் போட்டேன். தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல பேசற முக்கால்வாசிப் பேர் இதே ரெண்டு குழிலதான் விழறோம். அதுக்குக் காரணம் நம்ம இங்கிலீஷ் மட்டம்ங்கிறது இல்ல, தமிழ்ல போடு, வைன்னு ரெண்டு வினை இருக்கு, அது ரெண்டும் சேர்ந்து பண்ற வேலை இது.

முதல்ல சின்ன விஷயங்கள முடிச்சிடுவோம். உச்சரிப்பு 'புட்', நம்ம 'புல்', 'புகை'ல வர்ற உகரம்தான், நீட்டினா சாப்பாடு மாதிரி ஆயிடும், இன்னொரு எழுத்து சேத்தா தேங்காப்பூ போட்ட புட்டு ஆயிடும். பட், கட், நட் எல்லாம் அகரம், புட் மட்டும் ஏன் உகரம்னு ஸ்கூல்ல எல்லாரும் கேட்டிருப்போம், எந்த டீச்சரும் பதில் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல, "அது அப்படித்தான்"னு உக்கார வெச்சிடுவாங்க. உண்மையில ஒரு காலத்துல இங்கிலீஷ்ல இது எல்லாமே உகரமாதான் இருந்துது. 17ஆம் நூற்றாண்டு வாக்குல தெற்கு இங்கிலாந்துல அந்த உகரம் அகரம் மாதிரி மாறிடுச்சு, ஆனா பி, எஃப் மாதிரி உதட்டால சொல்ற எழுத்துக்குப் பின்னாடி வந்த சில சொல்லுல மட்டும் மாறாம நின்னுடுச்சு, புட், புல், புஷ், ஃபுல் எல்லாம் அப்படி தப்பிச்சதுங்க. அதுலயும் ஒழுங்கு கிடையாது, பட், ஃபன் எல்லாம் உதட்டு எழுத்துல ஆரம்பிக்கறதுதான், ஆனா மாறிடுச்சு. வடக்கு இங்கிலாந்துல அந்த மாற்றம் நடக்கவே இல்ல. லீட்ஸ்ல எனக்கு டீ கொடுத்தவங்க கப்ப 'குப்'புன்னுதான் சொன்னாங்க, முதல் நாள் குப்பைய கேக்கறாங்கன்னு நெனச்சேன்.

அப்புறம் காலம். நேத்து, இன்னைக்கு, முடிஞ்சது எல்லாத்துக்கும் புட்தான், 'புட்டட்'னு ஒண்ணு கிடையவே கிடையாது. அதனால "ஹி புட்"னு எஸ் இல்லாம வந்தா கண்ண மூடிக்கிட்டு இறந்தகாலம்னு எடுத்துக்கலாம், "ஹி புட்ஸ்"னு வந்தாதான் வழக்கமா பண்றான்னு அர்த்தம். எழுதறப்ப புட்டிங்ல டி ரெண்டு போடணும். கோல்ஃப்ல பந்த மெதுவா குழிக்குள்ள தட்டறதும் எழுத்துல அதே மாதிரிதான் இருக்கும், அது 'பட்டிங்'னு படிக்கணும், அது வேற வினை.

சரி, விஷயத்துக்கு வருவோம். புட்டுக்கு ஒரு குணம் இருக்கு, இது ஒண்ணு பிடிபட்டா பாதி வேலை முடிஞ்சுது. புட்னு சொன்னா என்னத்தன்னும் சொல்லணும், எங்கன்னும் சொல்லணும். "ஐ புட் தி கீஸ்"னு நிறுத்தினா வெள்ளக்காரன் காதுக்கு அது பாதில கட்டான போன் மாதிரி. "ஐ புட் தி கீஸ் ஆன் தி டேபிள்", "ஐ புட் தி கீஸ் இன் மை பேக்", ஏன் வெறும் "ஐ புட் தெம் தேர்"னாக்கூட போதும், இடம்னு ஒண்ணு வந்தாகணும். ஈட், ரைட் மாதிரி வினையெல்லாம் எங்கன்னு சொல்லாம நிம்மதியா நிக்கும், புட் நிக்காது. தமிழ்ல "சாவிய போட்டுட்டேன்"னு சொன்னா யாரும் எங்கன்னு கேக்க மாட்டாங்க, தொலைச்சிட்டான்னு திட்ட ஆரம்பிச்சிடுவாங்க.

அதனால வாயில புட் வர்றப்ப உள்ளுக்குள்ள 'எங்க?'ன்னு ஒரு கேள்வி கேளுங்க. பதில் இருந்தா புட் சரி. பதில் இல்லன்னா தொண்ணூறு சதவீதம் அது நம்ம போடு, வேஷம் மாத்திக்கிட்டு வந்து நிக்குது.

இந்தப் போடு இருக்கே, அது நம்ம வீட்டு எடுபிடி, எந்த வேலைக்கும் கூப்பிடலாம். காலைல எழுந்து லைட்ட போட்டு, காபி போட்டு, வாசல்ல கோலம் போட்டு, சட்ட போட்டு, கதவுக்கு பூட்டு போட்டு, வண்டிய எடுத்து, குறுக்க வந்த நாய்க்கு சடன் பிரேக் போட்டு, அதுக்கு பின்னாடி வந்தவன் சத்தம் போட்டு, அவன்கூட சண்ட போட்டு, ஆபீஸ் போயி கையெழுத்து போட்டு, நாளைக்கு லீவ் போட்டு, மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போட்டு, சாயங்காலம் பேங்க்ல எஃப்டி போட்டு, ராத்திரி எவன்கூடயாவது மொக்க போட்டு முடிக்கறோம். இதுல எத்தனைக்கு புட் வரும்னு எண்ணிப் பாருங்க. லைட்டுக்கு டர்ன் ஆன் இல்ல ஸ்விட்ச் ஆன், காபிக்கு மேக், கோலத்துக்கு டிரா, பூட்டுக்கு வெறும் லாக், பிரேக்குக்கு "ஐ பிரேக்ட் சடன்லி", சத்தத்துக்கு ஷவுட், சண்டைக்கு ஃபைட், கையெழுத்துக்கு சைன், லீவுக்கு டேக், தூக்கத்துக்கு டேக் எ நாப். எஃப்டிக்கு மட்டும் "ஐ புட் ஃபிஃப்டி தௌசண்ட் இன்டு அன் எஃப்டி"னு தாராளமா சொல்லலாம், ஏன்னா அங்க பணம் ஒரு எடத்துக்குள்ள போகுது. மொக்க போடறதுக்கு இங்கிலீஷ்ல என்ன? போர்னு சொல்லலாம், ஆனா அதுல நம்ம மொக்கையோட ருசி வராது.

இன்னும் இருக்கு. கோழி முட்டை போட்டா லே, ஆடு குட்டி போட்டா கிவ் பெர்த், ரோடு போட்டாலும் லேதான், கேஸ் போட்டா ஃபைல், டாக்டர் ஊசி போட்டா கிவ், வாத்தியார் மார்க் போட்டா அதுவும் கிவ், சீன் போட்டா ஷோ ஆஃப். "போன் போடறேன்"ங்கிறத "ஐ வில் புட் எ கால்"னு சொல்றவங்க நம்ம ஊர்ல ஏகப்பட்ட பேர், "ஐ வில் கால் யூ" போதும். கையெழுத்துல மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கு, "புட் சைன்" தப்பு, ஆனா "புட் யுவர் சிக்னேச்சர் ஹியர்" சரி, ஹியர்னு இடம் வந்துடுச்சு பாருங்க, அதான்.

லைட் விஷயத்துலயும் ஒரு பிராது வரும், "பிரிட்டிஷ்காரங்களே புட் தி லைட் ஆன்னு சொல்றாங்களே"ன்னு. சொல்றாங்க. டிவி, ஃபேன், பாட்டு, டீ கெட்டில் எல்லாத்துக்கும் புட் ஆன் சொல்லுவாங்க. நம்மாளுங்க பண்ற தப்பு அந்த ஆன முழுங்கிட்டு "புட் தி ஃபேன்"னு நிறுத்தறது. அப்படிச் சொன்னா ஃபேன கழட்டி எங்கயோ வைக்கச் சொல்ற மாதிரி இருக்கும். வெயிட் போட்டதும் இதே கதைதான், "யூ ஹேவ் புட் வெயிட்" இல்ல, "புட் ஆன் வெயிட்". இந்த ஆன், ஆஃப், அப், டவுன் எல்லாம் அந்த 'எங்க?'வுக்கான பதில்தான், சின்ன சைஸ்ல. வெயிட்டு எங்க ஏறிச்சு? உடம்பு மேல. ஆன்.

சும்மா ஒரு பக்க விஷயம், கொங்கு பக்கமும் யாழ்ப்பாணத்துலயும் "குளிச்சுப்போட்டு", "சாப்பிட்டுப்போட்டு"ன்னு பேசறாங்க இல்லையா, அங்க போட்டுக்கு எறியற அர்த்தம் சுத்தமா போயி ஒரு வேலை முடிஞ்சுதுங்கிறத காட்டற ஒட்டு மட்டும்தான் மிச்சம் இருக்கு. ஒரு வினைய அவ்ளோ தூரம் தேய்ச்சு வெச்சிருக்கோம். அத அப்படியே புட்டாக்கினா எப்படித் தாங்கும்.

இப்ப இரண்டாவது குழி, கீப். என்னக் கேட்டா இதுதான் பெரிய குழி, ஏன்னா புட் லீவ்னு சொன்னா தப்புன்னு பாதிப் பேருக்குத் தெரியும், "வேர் டிட் யூ கீப் மை சார்ஜர்?" தப்புன்னு நம்மூர் மேனேஜருங்களுக்கே தெரியாது. தமிழ்ல "சார்ஜர எங்க வெச்ச?"ன்னு கேக்கறோம், வைக்கு டிக்ஷனரில கீப்னு இருக்கு, அப்படியே மாத்திடறோம். ஆனா வைங்கிற நம்ம சொல்லுக்குள்ள ரெண்டு இங்கிலீஷ் வினை குடியிருக்கு. கையில இருக்கறத ஒரு எடத்துல வைக்கற அந்த ஒரு நொடிக்கு புட். வெச்சது அங்கயே இருக்கணும், இல்ல வழக்கமா அங்கதான் இருக்கும், இல்ல நீயே வெச்சுக்கோங்கிறதுக்கு கீப். தமிழ்ல 'வை', 'வெச்சிரு', 'வெச்சுக்கோ'ன்னு நாம வித்தியாசமா சொல்றோம் பாருங்க, அந்த முதல் 'வை' புட், மத்த ரெண்டும் கீப்.

அடுப்பு பக்கத்துல நின்னு பாத்தா தெளிவா விளங்கும். அம்மா உப்பு டப்பாவ எடுக்கறாங்க, ஒரு சிட்டிக போடறாங்க, டப்பாவ மறுபடி மேல வைக்கறாங்க. வைக்கற அந்தச் செய்கை புட், "ஷி புட் தி சால்ட் பேக் ஆன் தி ஷெல்ஃப்". உப்பு எப்பவும் அந்த மேல் தட்டுலதான் இருக்கும்ங்கிறது கீப், "ஷி கீப்ஸ் தி சால்ட் ஆன் தி டாப் ஷெல்ஃப்". சாவிய எங்க வெச்சன்னு இப்ப தேடிக்கிட்டிருந்தா "வேர் டிட் யூ புட் தி கீஸ்?", உங்க வீட்ல சாவி எப்பவும் எங்க இருக்கும்னா "வேர் டூ யூ கீப் தி கீஸ்?" மிச்ச சில்லறைய நீயே வெச்சுக்கோன்னு ஆட்டோக்காரர்கிட்ட சொன்னா "கீப் தி சேஞ்ச்". தட்ட எங்க வைக்கட்டும்னு கேக்க நான் சொல்லியிருக்க வேண்டியது "வேர் ஷல் ஐ புட் திஸ்?" அவ்ளோதான், அஞ்சு சொல்லு.

புட் உண்மையில போடுக்கு சொந்தம் இல்ல, வைக்குத்தான் சொந்தம்ங்கிறது பிடிபட்டதும் எனக்கு இன்னொரு கதவு தொறந்துச்சு. ஸ்கூல்ல புட் ஆஃப், புட் அவே, புட் ஃபார்வர்ட்னு பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லுவாங்க, மறுநாளே மறந்துடும். ஆனா தமிழ்ல வைக்கு முன்னாடி ஒரு சொல்ல சேத்துப் பாருங்க. தள்ளி வை, ஒத்தி வை, அது புட் ஆஃப். எடுத்து வை, அது புட் அவே. ஒதுக்கி வை, புட் அசைட். திருப்பி வை, புட் பேக். கீழ வை, புட் டவுன். கருத்த முன்வைக்கறது அப்படியே எழுத்துக்கு எழுத்து புட் ஃபார்வர்ட். பொறுப்புல வெச்சாங்கன்னா புட் இன் சார்ஜ். அப்பா கஷ்டப்பட்டு என்ன காலேஜ் படிக்க வெச்சார்னு சொல்றோமே, அது "ஹி புட் மீ த்ரூ காலேஜ்", அங்கயும் வைதான் வந்து நிக்குது. ரெண்டு மொழிக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்ல, ஆனா ஒரே மாதிரி யோசிச்சிருக்காங்க. இத மட்டும் எட்டாங்கிளாஸ்ல யாராவது சொல்லியிருந்தா நான் ரெண்டு வருஷம் மிச்சம் பண்ணியிருப்பேன்.

இந்த ஜோடியில அடங்காத சிலதையும் பாத்துடுவோம். போன்ல இன்னொருத்தருக்கு இணைப்பு குடுக்கறது புட் த்ரூ, கஸ்டமர் கேர்ல "குட் யூ புட் மீ த்ரூ டு பில்லிங்?"னு கேளுங்க. நெருப்ப, சிகரெட்ட அணைக்கறது புட் அவுட். பொறுத்துக்கிட்டு போறது புட் அப் வித், மேல்மாடிக்காரன் நடுராத்திரி கட்டில இழுக்கற சத்தத்த சகிச்சுக்கறது மாதிரி. உழைப்பையும் நேரத்தையும் போடறது புட் இன். ஆபீஸ்ல வேலைய விடறப்ப "பேப்பர் போட்டுட்டேன்"ங்கறத நாம புட் டவுன் மை பேப்பர்ஸ்னு சொல்றோம், அது இந்தியாவுக்குள்ள எல்லாருக்கும் புரியும், வெளிய புட் இன் மை நோட்டீஸ் இல்ல ஹேண்டட் இன் மை நோட்டீஸ்னு சொல்லுங்க. அதே மாதிரி "வேர் ஆர் யூ புட் அப்?"னு நாம எங்க தங்கியிருக்கன்னு கேக்கறது. வெளியூர்க்காரனுக்கு புட் அப்னா யாரோ ஒருத்தர் உன்ன ரெண்டு மூணு நாள் அவங்க வீட்ல தங்க வெக்கறது, "மை கசின் புட் மீ அப் ஃபார் தி வீக்கெண்ட்". பதினஞ்சு வருஷமா சொந்த ஃபிளாட்ல இருக்கறவன்கிட்ட கேட்டா முழிப்பான்.

புட் ஆஃப்ல ரெண்டு அர்த்தம், ரெண்டும் தினசரி வேணும். ஒண்ணு தள்ளிப் போடறது. அதுக்கு அப்புறம் ஒரு செயல் வந்தா ஐஎன்ஜி போட்டுத்தான் வரணும், "ஐ கீப் புட்டிங் ஆஃப் கோயிங் டு தி டென்டிஸ்ட்", டு கோ வராது. இன்னொண்ணு மனசு விட்டுப் போறது, கடைல பரோட்டா நல்லா இருந்துச்சு ஆனா அந்த டேபிள் துடைக்கற துணியோட வாசன என்ன சாப்பிட விடலன்னு வைங்க, "தி ஸ்மெல் புட் மீ ஆஃப்". இத நம்மாளுங்க யூஸ் பண்றதே இல்ல, டிஸ்கஸ்டிங்னு ஒரே சொல்ல எல்லாத்துக்கும் அடிக்கறாங்க, புட் மீ ஆஃப் அதவிட மென்மையா, கரெக்டா உக்காரும்.

நடுவுல ஒரு இலக்கணக் குறிப்பு, ரொம்ப இல்ல. இட், தெம், ஹிம் மாதிரி குட்டிச் சொல்லு வந்தா அது நடுவுலதான் உக்காரணும், புட் இட் ஆஃப், புட் தெம் அவே. "புட் ஆஃப் இட்"னு சொன்னா காதுல கல்லு மாட்டின மாதிரி இருக்கும். புட் அப் வித் மட்டும் பிரியவே பிரியாது, "ஐ கான்ட் புட் அப் வித் இட்"னு வாலுல ஒட்டிக்கணும்.

சட்டை விவகாரத்துக்கு வரேன். புட் ஆன், வேர். தமிழ்ல "போடறான்", "போட்டிருக்கான்"னு ரெண்டு நல்லாவே தனித்தனியா இருக்கு, ஆனா இங்கிலீஷ் பேசறப்ப கலந்துடறோம். "ஹி இஸ் புட்டிங் ஆன் எ ப்ளூ ஷர்ட்"னா இப்ப இந்த நிமிஷம் கைய உள்ள விட்டு பட்டன் போட்டுக்கிட்டிருக்கான். "ஹி இஸ் வேரிங் எ ப்ளூ ஷர்ட்"னா நீல சட்ட போட்டிருக்கான். ஏர்போர்ட்டுக்கு ஒருத்தர பிக்கப் பண்ணப் போறவங்ககிட்ட "ஐ ஆம் புட்டிங் ஆன் எ ரெட் ஷர்ட்"னு மெசேஜ் அனுப்பினா, இவர் இன்னும் வீட்லயே துணி மாத்திக்கிட்டிருக்கார்னு அவங்க போயி காபி குடிக்க உக்காந்துடுவாங்க. கண்ணாடி, செருப்பு, ஹெல்மெட், வாட்ச், லிப்ஸ்டிக் எல்லாத்துக்கும் இதே கணக்கு.

இப்ப உயிர் போற சமாச்சாரம், சத்தியமா. எங்க டீம்ல ஒரு தம்பி, வீட்ல லாப்ரடார் வளக்கறான், மழைக்கு இடி இடிச்சா அது தூங்காது. ஒரு நாள் லேட்டா மீட்டிங்குக்கு வந்துட்டு "சாரி, ஐ ஹேட் டு புட் மை டாக் டு ஸ்லீப்"னு சொன்னான். நாய தூங்க வெச்சிட்டு வந்தேங்கிறது அவன் கணக்கு. ஸ்க்ரீன்ல இருந்த மூணு வெள்ளக்காரங்க மூஞ்சியும் தொங்கிடுச்சு, ஒருத்தர் "ஓ நோ, ஐ ஆம் சோ சாரி, டேக் த டே ஆஃப்"ங்கறார். ஏன்னா வளர்ப்பு மிருகத்த புட் டு ஸ்லீப்னா, நோயால கஷ்டப்படறத பாக்க முடியாம டாக்டர்கிட்ட கொண்டு போயி ஊசி போட்டு கருணைக்கொலை பண்றது. அதையே குழந்தைக்குச் சொன்னா வெறும் தாலாட்டுதான், ஒரு பிரச்சினையும் இல்ல. நானே மியூட் எடுத்துட்டு "நோ நோ, தி டாக் இஸ் அலைவ்"னு சொல்ல வேண்டியதாப் போச்சு. தம்பிக்கு லீவ் கேன்சல் ஆன வருத்தம் இன்னும் இருக்கு.

புட் டவுனும் அதே வகையறாதான். பைய கீழ வைக்கறது புட் டவுன், போன வைக்கறது புட் டவுன், பேர எழுதி வைக்கறது புட் டவுன், வீடு வாங்க முன்பணம் கட்டறது புட் டவுன், நாலு பேர் முன்னாடி ஒருத்தர மட்டம் தட்டறதும் புட் டவுன், குதிரைக்கோ நாய்க்கோ வந்தா மறுபடி கருணைக்கொலை. யாரு, எதங்கறத வெச்சுத்தான் அர்த்தம் புரியும்.

இவ்ளோ விரிஞ்சு கிடக்கற சொல்லுங்கறதுக்கு ஒரு சாட்சி சொல்றேன். ஆக்ஸ்ஃபோர்ட் பெரிய அகராதில ரொம்ப நீளமான பதிவு எதுன்னு ஒரு போட்டியே உண்டு. பல காலம் செட்தான் ராஜா. திருத்தின பதிப்புக்காக ஒவ்வொரு சொல்லா மறுபடி எழுத ஆரம்பிச்சப்ப 2000ல மேக் முந்துச்சு, 2007ல புட் முந்துச்சு, 2011ல ரன் வந்து 645 அர்த்தத்தோட எல்லாத்தையும் ஓரங்கட்டிடுச்சு. நாலு வருஷம் நம்மாளு சிம்மாசனத்துல உக்காந்திருந்தான்.

இடம் கேக்காத ஒரு புட் உண்டு, அது பேச்சு சம்பந்தப்பட்டது. அங்க 'எங்க?'வுக்குப் பதிலா 'எப்படி?'ன்னு கேக்கணும். "லெட் மீ புட் இட் திஸ் வே"ன்னா இப்படிச் சொல்றேனே, "டு புட் இட் மைல்ட்லி"ன்னா நாகரிகமா சொல்லணும்னா. யாராவது அழகா ஒரு விஷயத்த சொல்லிட்டா "வெல் புட்"னு ரெண்டே சொல்லுல பாராட்டலாம், மீட்டிங்ல "சூப்பரா சொன்னீங்க"ன்னு வாய் வரைக்கும் வந்து நிக்குமே, அதுக்கு இதுதான். எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு, "ஐ வுடன்ட் புட் இட் பாஸ்ட் ஹிம்". அவன் செஞ்சான்னு நான் சொல்லல, ஆனா செய்யக்கூடிய ஆளுதான்னு அர்த்தம். ஃப்ரிட்ஜ்ல வெச்ச கேக் காணாம போச்சு, தம்பி மேல ஆதாரம் இல்ல, ஆனா அவன் வரலாறு தெரியும் இல்லையா, அந்த எடத்துக்கு அளவெடுத்து தெச்ச மாதிரி இருக்கும்.

ஷேர் மார்க்கெட் ஆளுங்க கால் வாங்கினேன், புட் வாங்கினேன்னு பேசறதும் இதே புட்தான். கால்னா குறிப்பிட்ட விலைக்கு வாங்கற உரிமை, புட்னா குறிப்பிட்ட விலைக்கு விக்கற உரிமை. 500 ரூபாய்க்கு புட் வாங்கி வெச்சிருக்கீங்க, ஷேர் 430க்கு விழுந்துடுச்சுன்னா, எதிராளி விரும்பினாலும் விரும்பாட்டியும் 500க்கே அவன் தலைல கட்டலாம். எங்க? அவன் தலைல. விலை விழலன்னா நீங்க கட்டின ப்ரீமியம் அம்பேல், அது வேற கத. சாஃப்ட்வேர்காரங்களுக்கு ஏபிஐல, அதாவது ஒரு ப்ரோக்ராம் இன்னொண்ணுகிட்ட பேசற வழில, போஸ்ட், புட்னு ரெண்டு கட்டளை உண்டு, அந்த புட்டும் கேக்கறது இடத்தத்தான். போஸ்ட்ல சர்வர்கிட்ட குடுத்துட்டு எங்க வெச்சுக்கணும்னு அதையே முடிவு பண்ண விடலாம், புட்ல இந்த முகவரில இத வைன்னு நீங்கதான் சொல்லணும், ஏற்கனவே அங்க ஒண்ணு இருந்தா அதுக்குப் பதிலா இது வந்து உக்காந்துடும், அதையே பத்து தடவ அனுப்பினாலும் முடிவு ஒண்ணுதான்.

கடைசியா என் பொண்ணு கேட்ட கேள்வி. ஆறாவது படிக்கறா, இந்த 'எங்க?' விளையாட்ட அவகிட்ட சொல்லிக் குடுத்ததும் ரெண்டு நாள் கழிச்சு ஸ்போர்ட்ஸ் டே நோட்டீஸோட வந்து "அப்பா, ஷாட் புட்ல எங்க?"ன்னா. மாட்டிக்கிட்டேன். தேடிப் பாத்தா புட்டோட ரொம்பப் பழைய அர்த்தமே தள்ளறது, உந்தறதுதான், வைக்கறதெல்லாம் அப்புறம் வந்த அர்த்தம். அந்தப் பழைய புட் இந்த ஒரு விளையாட்டுல அப்படியே உறைஞ்சு போயி நிக்குது, அதான் இடம் கேக்கல. விதியும் அதத்தான் சொல்லுது, ஆம்பளைங்களுக்கு 7.26 கிலோ, பொம்பளைங்களுக்கு 4 கிலோ குண்டு, கழுத்தோரம் வெச்சு ஒரே கையால தோள்ல இருந்து உந்தணும், கை தோளுக்குப் பின்னாடி போயி வீசினா ஃபவுல். அமெரிக்காவோட ரயன் க்ரவுசர் 2023ல 23.56 மீட்டர் போனதும் இப்படி உந்தித்தான். நாம தமிழ்ல அதுக்கு வெச்சிருக்கற பேரு என்னடான்னா குண்டு எறிதல்.

எங்க ஸ்கூல் பி.டி. சார் ஞாபகம் வந்துட்டார். மைதானத்துல சுண்ணாம்பு வட்டத்துக்கு வெளிய நின்னுக்கிட்டு, வாயில விசில், கையில டேப்பு, கிரிக்கெட் பந்து மாதிரி குண்ட வீசப் பாத்த என்னப் பாத்து கத்துவார், "பேருதான்டா எறிதல், எறிஞ்சா ஃபவுலு, தள்ளுடா, தோள்ல இருந்து தள்ளு!"